இரட்டை வேகத்தில் பேசும் கெர்னல்

முல்லைத்தீவு ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. ஊர்க்குளத்தின் நீர்மட்டத்தை அளந்து குறுஞ்செய்தியாக அனுப்பும் பெட்டி ஒன்றை அவர் செய்துகொண்டிருக்கிறார். உள்ளே ஒரு சிறிய ஆர்ம் பலகை, அதில் லினக்ஸ். பலகையோடு வந்த பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி அது) எல்லாம் ஒழுங்காக இருந்தது. புதிய கெர்னலைத் தானே தொகுத்து ஏற்றிய நாளிலிருந்து சிக்கல். பலகையின் செய்திகள் வயர் வழியாக மடிக்கணினிக்கு வரும் சீரியல் கொன்சோலில், கெர்னலை ஏற்றிவிடும் யூபூட் என்ற தொடக்க நிரல் பேசுவது தெளிவாக வருகிறது. "ஸ்டார்ட்டிங் கெர்னல்" என்ற வரிக்குப் பிறகு கேள்விக்குறிகளும் கட்டங்களுமாக வெறும் குப்பை. ஆனால் பலகை உயிரோடுதான் இருக்கிறது. வலையமைப்பில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிகிறது. மூன்று யூஎஸ்பி மாற்றிகளை மாற்றிப் பார்த்துவிட்டார், வயரையும் மாற்றிவிட்டார். கடைசியில், "இது சம்பந்தமில்லாத விஷயமாக இருக்கலாம்" என்று தயங்கி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: இரண்டாவது சீரியல் வழியில் பொருத்திய, குறுஞ்செய்தி அனுப்பும் ஜிஎஸ்எம் மோடம் செக்கனுக்கு 115200 பிட் என்ற வேகத்தில் பதில் தருவதில்லை, 57600 என்று வைத்தால் தருகிறது.

தம்பி, நீங்கள் சம்பந்தமில்லை என்று நினைத்த அந்த வரியை வாசித்ததும் எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மீதியை நீங்கள் அனுப்பிய கெர்னல் பதிவு சொல்லிவிட்டது. 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டையும் என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு, ஒருவர் தன் ஊர்க்குளத்தைத் தானே அளக்க நினைப்பது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் வயர் விஷயத்தை முடித்துவிடுவோம். அதே வயரில், அதே மாற்றியில், அதே வேகத்தில் யூபூட் தெளிவாகப் பேசுகிறது. அப்படியானால் வயரும், மாற்றியும், 3.3 வோல்ட் மட்டமும், பொது நிலமும் நிரபராதிகள். யூபூட்டும் கெர்னலும் பேசுவது ஒரே சில்லின் ஒரே இரண்டு ஊசிகள் வழியாகத்தான். இடையில் மாறியது மென்பொருள் மட்டுமே. மூன்று மாற்றிகளுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். எறிந்துவிடாதீர்கள், மின்னல் அடிக்கிற காலத்தில் எப்படியும் ஒன்று போகும்.

அடுத்தது, கெர்னல் எங்கே எழுதுகிறது என்பது. தன் செய்திகளை அது முதலில் போட்டு வைப்பது நினைவகத்தில் உள்ள ஒரு தாங்கியில். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்பது போல அவை அங்கே நிற்கும். கொன்சோல் என்பது துருசு. எந்தத் துருசு திறந்திருக்கிறது, தண்ணீர் எந்த வாய்க்காலில் போகிறது என்பதெல்லாம் பிறகு வரும் கதை. தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதற்காகக் குளம் வற்றிவிட்டது என்று எந்தக் கமக்காரரும் சொல்வதில்லை. ஆனால் கொன்சோலில் எழுத்து வரவில்லை என்றவுடன் கெர்னல் செத்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் கெர்னலின் பதிவைக் காட்டும் "டிமெசெக்" கட்டளையைத் தட்டிப் பார்த்தது மிக நல்ல வேலை. குளத்துக்கே போய்ப் பார்த்துவிட்டீர்கள்.

அந்தப் பதிவில் மூன்று விஷயங்களைப் பார்த்தேன்.

கெர்னலுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை வரியில் "கொன்சோல்=டிடிவைஎஸ்0,115200" என்று இருக்கிறது. டிடிவைஎஸ்0 என்பது முதல் சீரியல் வழியின் பெயர். சரி. பிறகு, "கொன்சோல் டிடிவைஎஸ்0 எனேபிள்ட்" என்ற வரி இருக்கிறது. அதாவது சீரியல் சில்லை இயக்கும் நிரலான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, பெயர் பொருந்தியிருக்கிறது, துருசு திறந்துவிட்டது. இதுவும் சரி. மூன்றாவது வரிதான் கள்ளன்: டிடிவைஎஸ்0 இன்ன முகவரியில் இருக்கிறது, அது ஒரு 16550ஏ என்று சொல்லும் வரியின் நடுவே "பேஸ் பாட்=1500000" என்று ஒரு எண். பெரும்பாலானவர்கள் இந்த எண்ணை வாசிக்காமலே கடந்துபோவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கடந்துபோனேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? 16550 வகைச் சீரியல் சில்லுக்கு ஒரு கடிகாரத் துடிப்பு உள்ளே வரும். வருகின்ற ஒவ்வொரு பிட்டையும் 16 துண்டாக நறுக்கிப் பார்ப்பதால், அந்தக் கடிகாரத்தை முதலில் 16ஆல் வகுக்க வேண்டும். அதுதான் பேஸ் பாட். பிறகு நாங்கள் விரும்பும் வேகம் வரும்படி ஒரு முழு எண்ணால் அதை மீண்டும் வகுக்கிறது சில்லு; அந்த முழு எண்தான் வகுஎண். 115200 என்ற விசித்திரமான எண்ணும் இங்கிருந்துதான் வந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையில் இருந்த, 16550இன் மூதாதையான 8250 சில்லுக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு கொடுத்தார்கள். 16ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 115200 வரும். அந்த அட்டை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அதன் எண்ணை இன்று முத்தையன்கட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கெர்னல் 1500000 என்று சொல்கிறது. 16ஆல் பெருக்கினால் 24 மெகாஹெர்ட்ஸ். அதாவது சில்லுக்கு 24 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வருகிறது என்று கெர்னல் நம்புகிறது. 1500000ஐ 115200ஆல் வகுத்தால் 13.02, ஆகவே 13 என்ற வகுஎண்ணைச் சில்லில் எழுதிவிட்டு, வேகம் 115384 என்று நினைத்துக்கொள்கிறது. பிழை 0.16 சதவீதம், அது ஒரு பொருட்டே இல்லை. ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், முடிவு பிட் என்று பத்து பிட் போகிறது; கடைசி பிட்டுக்கு வரும்போது பெறுபவர் அரை பிட்டுக்கு மேல் தள்ளிப்போகாமல் இருந்தால் போதும். இரு பக்கமும் சேர்ந்து நான்கைந்து சதவீதம் வரை தாங்கும்.

ஆனால் உங்கள் பலகையில் உண்மையில் வருவது 24 இல்லை, 48 மெகாஹெர்ட்ஸ் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதே 13 என்ற வகுஎண்ணோடு வயரில் போகும் வேகம் 230769. சரியாக இரட்டிப்பு. 115200இல் காத்திருக்கும் உங்கள் மடிக்கணினி இரண்டு பிட்டை ஒன்றென்று வாசித்துக் குப்பையைக் காட்டுகிறது. மோடத்துக்கு நடந்ததும் இதேதான். மோடம் 115200இல் பேசுகிறது. நீங்கள் 57600 என்று கேட்டபோது கெர்னல் 26 என்ற வகுஎண்ணை எழுதியது. 48 மெகாஹெர்ட்ஸை 16ஆலும் பிறகு 26ஆலும் வகுத்தால் 115384. மோடத்துக்கு அது சரியான வேகம். உங்களுக்குத்தான் 57600 என்று பொய் சொல்லப்பட்டது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மடிக்கணினியில் இருக்கும் டெர்மினல் நிரலை 230400 என்று மாற்றிவிட்டுப் பலகையை மீண்டும் தொடக்குங்கள். இப்போது யூபூட் குப்பையாகவும் கெர்னல் தெளிவாகவும் வரும். வந்தால் விவாதம் முடிந்தது. வேக நோயைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி இல்லை: எந்த வேகத்தில் எழுத்து தெளிகிறதோ, அதற்கும் நீங்கள் கேட்ட வேகத்துக்கும் உள்ள விகிதம்தான் கடிகாரத்தில் உள்ள பிழையின் விகிதம். பல்கலைக்கழகத்தில் நண்பர்கள் யாராவது இருந்தால், அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் அலைவுகாட்டி இருக்கும். ஒரு பிட்டின் அகலம் 8.7 மைக்ரோ செக்கனா 4.3 மைக்ரோ செக்கனா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் அதற்காக ஏ9 வீதிக்கு ஏறத் தேவையில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு, அதை நான் அதிகம் விரும்புவேன். கட்டளை வரியில் "எர்லிகொன்" என்ற சொல்லோடு சீரியல் சில்லின் வகையையும் முகவரியையும் மட்டும் கொடுங்கள், வேகத்தைக் கொடுக்காதீர்கள். வேகம் கொடுக்காவிட்டால் இந்த ஆரம்பக் கொன்சோல் வகுஎண்ணைத் தொடாது. யூபூட் விட்டுப்போன அமைப்பிலேயே எழுதிக்கொண்டு போகும். ஆகவே 115200இல் கெர்னலின் முதல் வரிகள் பளிச்சென்று வரும். பிறகு உண்மையான டிரைவர் எழுந்து, தன் கணக்கில் வகுஎண்ணை மாற்றி எழுதும் அந்த நொடியில், நடு வரியில் கூட, எழுத்து சிதறும். எங்கே சிதறுகிறது என்று பார்த்தால் யார் சிதறடித்தது என்று தெரியும். கைமாறும் இடத்தில்தான் பொருள் உடையும். வீடு மாறியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, 24 என்ற எண்ணைக் கெர்னலுக்கு யார் சொன்னது? கெர்னலின் தொகுப்பு அமைப்பில் அது இல்லை. எத்தனை முறை மெனுவைத் திறந்து தேடினாலும் கிடைக்காது. அது இருப்பது டிவைஸ் ட்ரீயில். பலகையில் எந்தச் சாதனம் எந்த முகவரியில் இருக்கிறது, அதற்கு எங்கிருந்து துடிப்பு வருகிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விபரக் கோப்பு அது. உங்கள் பலகைக்குப் புதிய கெர்னலில் கோப்பு இல்லாததால், அதே குடும்பத்தில் இருக்கும் இன்னொரு பலகையின் கோப்பைப் பிரதிசெய்து திருத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பலகையில் சீரியல் சில்லுக்கு 24 மெகாஹெர்ட்ஸ் வந்திருக்கும். "கிளாக் ஃப்ரீக்வென்சி" என்ற வரியில் 24000000 என்று எண்ணாகவே எழுதியிருப்பார்கள். நீங்கள் முகவரிகளைத் திருத்தினீர்கள், இடையூறு (இன்டரப்ட்) எண்களைத் திருத்தினீர்கள், இந்த எண் பார்வைக்குச் சாதுவாக இருந்ததால் விட்டுவிட்டீர்கள். இதற்கு வெட்கப்படத் தேவையில்லை. பிரதிசெய்த கோப்பில் மிஞ்சிய எண்களால் உலகத்தில் எத்தனையோ பேருக்கு நித்திரை போயிருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதற்கு மிகச் சுலபமான ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். கட்டளை வரியில் 115200 என்பதை 57600 என்று மாற்றினால், மோடத்துக்கு நடந்தது போலவே, கொன்சோலும் உடனே தெளிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. இரண்டு பொய்கள் ஒன்றையொன்று வெட்டிவிட, நடுவில் ஓர் உண்மை மாதிரி ஒன்று வந்து நிற்கும்.

நான் அதைச் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், குளக்கட்டில் நிற்கும் ஒரு பெட்டியில், நாளை மழை தொடங்கப்போகிறது என்ற அவசரத்தில், கட்டளை வரியிலும் உணரி நிரலிலும் பாதி வேகத்தை எழுதி, "பிறகு பார்ப்போம்" என்று மூடிவிட்டு வந்தேன். குறிப்புப் புத்தகத்திலும் எழுதவில்லை. அடுத்த வருடம் ஒரு புதிய கெர்னலோடு சரியான டிவைஸ் ட்ரீயும் வந்து ஏறியது. கடிகார எண் திருந்தியது. என் பொய் மட்டும் தனியாக மிஞ்சியது. இப்போது கொன்சோல் உண்மையிலேயே 57600இல் பேசத் தொடங்கியது, பக்கத்தில் இருந்த உணரி வழி வாய் மூடியது. மார்கழி மழையில், கிறவல் வீதி முழுக்கச் சேறு, மடிக்கணினியை உரப்பையில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். குளக்கட்டில் குடைக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் இருந்து கண்டுபிடித்தது என்னுடைய கையெழுத்தைத்தான்.

அதுமட்டுமல்ல, பொய் எண் பாதியில் உடையும். கெர்னலின் செய்திகள் 57600 என்ற பெயரில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். பிறகு பயனர் பக்கம், அதாவது கெர்னலுக்குப் பின் ஓடும் நிரல்கள், எழுந்து, தொடக்க அமைப்புகள் இருக்கும் இனிட்டாப் கோப்பில், லொகின் கேட்கும் கெட்டி நிரலுக்கு 115200 என்று எழுதியிருந்தால், அது டிரைவரிடம் 115200 கேட்கும், டிரைவர் மீண்டும் 13 என்று எழுதும், லொகின் கேட்கும் இடத்தில் மீண்டும் குப்பை. அப்போது கெட்டியைத் திருத்துவீர்கள். பிறகு மோடம் நிரலை. ஒரு தவறான எண்ணுக்குக் காவலாக நான்கு இடத்தில் தவறான எண்கள் நிற்கும்.

சரியான திருத்தம் டிவைஸ் ட்ரீயில்தான். அங்கேயும் இரண்டு வழி இருக்கிறது. 24000000ஐ 48000000 என்று மாற்றுவது ஒன்று. அது வேலை செய்யும். ஆனால் நாளைக்கு யூபூட்டோ வேறு டிரைவரோ அந்தக் கடிகாரத்தின் மூலத்தை மாற்றினால் எண் மீண்டும் பொய்யாகிவிடும். இரண்டாவது வழி, எண்ணையே அழித்துவிட்டு, "கிளாக்ஸ்" என்ற பண்பில் சில்லின் கடிகாரக் கட்டுப்பாட்டகத்தைச் சுட்டுவது. "எனக்குத் தெரியாது, அவரிடம் கேள்" என்று சொல்வது போல. கெர்னல் அங்கே போய் உண்மையான வேகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: உங்கள் கோப்பு பயன்படுத்தும் பொதுவான 16550 டிரைவர், எண் எழுதியிருந்தால் அதையே நம்பும், எண் இல்லாவிட்டால்தான் கடிகாரத்தைக் கேட்கும். ஆகவே கிளாக்ஸ் வரியைச் சேர்த்துவிட்டு, பழைய எண்ணையும் "இருக்கட்டும்" என்று விட்டுவைத்தால் எதுவும் மாறாது. திருத்தினேன், பலனில்லை என்று வருபவர்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள். எண்ணை அழியுங்கள்.

உங்கள் சில்லுக்குக் கடிகார டிரைவர் கெர்னலில் இல்லை என்றால், டிவைஸ் ட்ரீயில் மாறாத கடிகாரம் என்று ஒரு கணுவை (ஒரு சாதனத்துக்கான பகுதி) 48000000 என்ற எண்ணோடு ஒரே ஓர் இடத்தில் எழுதி, இரண்டு சீரியல் வழிகளும் அதைச் சுட்டும்படி செய்யுங்கள். டிரைவர் இருந்தால் அது சற்றுப் பிந்தி எழக்கூடும். கொன்சோலும் அதற்காகக் காத்திருந்து பிந்தியே வரும். பயப்பட வேண்டாம். கொன்சோல் பதிவாகும்போது தாங்கியில் சேர்ந்திருக்கும் செய்திகளை முதலிலிருந்து எடுத்து ஊற்றிவிடும், ஒன்றும் தொலையாது.

முழுக் கெர்னலையும் மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை. "மேக் டிடிபிஸ்" என்று தட்டினால் டிவைஸ் ட்ரீ மட்டும் தொகுபடும். உங்கள் மடிக்கணினியில் ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பழைய கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொண்டு புதியதைப் போடுங்கள். மீண்டும் தொடக்கியபின் டிமெசெக்கில் அந்தப் பேஸ் பாட் 3000000 என்று வந்திருந்தால், 115200க்கு வகுஎண் 26 ஆகிவிடும், கொன்சோல் தெளிந்துவிடும். கடிகாரத்தின் உண்மையான வேகத்தை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால், டீபக் கோப்பமைப்பை ஏற்றி அதில் "கிளாக் சம்மரி" என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கடிகாரமும், அதன் தாய்க் கடிகாரமும், வேகமும், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையும் வரிசையாக இருக்கும்.

அந்த எண்ணிக்கை எதற்கு என்றால், கடிகாரத்தைச் சுட்டாமல் எண்ணை மட்டும் எழுதுவதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தொடக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கெர்னல், யாரும் கேட்டு வாங்காத கடிகாரங்களை மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக அணைத்துவிடும். எண்ணை மட்டும் எழுதியிருந்தால் சீரியல் டிரைவர் கடிகாரத்தைக் கேட்டு வாங்கியிருக்காது. யாரும் இல்லாத அறை என்று நினைத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். கொன்சோல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்து, பயனர் பக்கம் எழுவதற்குச் சற்று முன்னால் வெட்டினாற்போல் நின்றுவிடும். எனக்கு ஒரு பலகையில் இது வந்தது. கூடவே தொடங்கும் நேரமும் ஒரு நிமிடம் கூடியது. காரணம் பிறகுதான் புரிந்தது: 16550 வகைச் சில்லுகளையும் இயக்கும் 8250 டிரைவர் ஒவ்வோர் எழுத்தும் வெளியேறுவதற்கு 10 மில்லி செக்கன் வரை காத்திருக்கும். துடிப்பு நின்ற சில்லிலிருந்து எழுத்து எப்படி வெளியேறும்? 6000 எழுத்துக்கு 60 செக்கன். செத்த துருசுக்கு முன்னால் கெர்னல் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது. உங்கள் பலகையில் அணைப்பு நடக்கவில்லை என்பதற்கு அந்த மோடமே சாட்சி. அணைந்திருந்தால் 57600இலும் அது பேசியிருக்காது. ஆனாலும் கிளாக்ஸ் வரியைச் சேர்ப்பதால் அந்தக் கதவும் அடைபடும். வேறு யாராவது இந்த அறிகுறியோடு வாசித்துக்கொண்டிருந்தால், கட்டளை வரியில் "கிளாக் இக்னோர் அன்யூஸ்ட்" என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கொன்சோல் பிழைத்தால் நோய் இதுதான். அதை மருந்தாக நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள்.

குப்பை வராமல் முழு மௌனம் வருகிறவர்களுக்கும் இரண்டொரு வார்த்தை. மௌனம் என்பது வேக நோய் இல்லை, பெயர் நோய் அல்லது தொகுப்பு நோய். 8250 டிரைவரைத் தனி மொட்யூலாகத் தொகுத்தால், சீரியலில் கொன்சோல் என்ற தெரிவே மெனுவில் மறைந்துவிடும். பழைய அமைப்புக் கோப்பிலிருந்து புதிய கெர்னலுக்கு மாறும்போது ஓசையில்லாமல் இது நடக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. டிரைவர் உள்ளேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். பெயர் மாற்றம் இன்னொன்று. ஓமாப் வகைச் சில்லுகளில் பழைய டிரைவர் சீரியல் வழியை டிடிவைஓ0 என்று அழைத்தது; புதிய டிரைவர் டிடிவைஎஸ்0 என்கிறது. கட்டளை வரியில் பழைய பெயர் கிடந்து பலருக்குக் கொன்சோல் ஊமையானதால், பழைய பெயரைக் கண்டால் புதிய பெயருக்கு மாற்றிவிட்டு, "கட்டளை வரியைத் திருத்துங்கள்" என்று கடிந்து ஓர் எச்சரிக்கையும் அச்சிடும் துண்டு ஒன்றைக் கெர்னலிலேயே சேர்த்துவிட்டார்கள். கெர்னலை எழுதுபவர்களுக்கும் பொறுமைக்கு எல்லை உண்டு என்பதற்கு அந்தத் துண்டு நல்ல உதாரணம். பிசிஐ அட்டையில் வரும் கூடுதல் வழிகளுக்கு, டிரைவர் எத்தனை வழிகளை அனுமதிக்கிறது என்ற எண்ணிக்கை பொதுவாக 4 என்று இருப்பதால் ஐந்தாவது வழி எழாமல் போவதும் உண்டு.

கட்டளை வரியில் வேகத்தையே எழுதாவிட்டால் 8250 கொன்சோல் 9600 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு கொன்சோல்களைக் கொடுத்தால் செய்திகள் இரண்டிலும் வரும், ஆனால் கடைசியாக எழுதியதுதான் தலைமைக் கொன்சோல். தொடக்க நிரல்கள் பேசுவது அதில் மட்டும். "கெர்னல் செய்தி வருகிறது, அதன்பின் ஒன்றும் இல்லை" என்பவர்கள் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். இப்போது எது தலைமை என்று அறிய "ப்ராக்" அடைவில் "கொன்சோல்ஸ்" என்ற கோப்பு இருக்கிறது; பெரிய சி என்ற எழுத்து எந்த வரியில் நிற்கிறதோ அதுதான். கெர்னலுக்கு உண்மையில் எந்தக் கட்டளை வரி போனது என்பதை அதே அடைவில் "சிஎம்டிலைன்" கோப்பில் பாருங்கள். யூபூட்டில் நீங்கள் எழுதியதை நம்பாதீர்கள், வழியில் யாராவது மாற்றியிருப்பார்கள். ரொக்சிப் சில்லுப் பலகைகள் பலவற்றில் கொன்சோல் வேகமே 1500000. அங்கே குப்பை வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாற்றியைத்தான், ஏனென்றால் பழைய சிபி2102 வகை 10 இலட்சத்துக்கு மேல் ஏறாது. உங்கள் மூன்று மாற்றிகளுக்கு அப்படி ஒரு நாள் வரலாம்.

லினக்ஸே சீரியல் வயரில் பிறந்ததுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் எழுதியது இயங்குதளமே இல்லை, மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினிக்குள் போவதற்கான ஒரு டெர்மினல் நிரல். விசைப்பலகையிலிருந்து சீரியலுக்கு ஒரு பணி, சீரியலிலிருந்து திரைக்கு ஒரு பணி. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த வயரில்தான் நாங்கள் இன்னமும் சிக்கிக்கொண்டிருக்கிறோம்.

திருத்தம் வேலை செய்தபின், உங்கள் பலகைக்கான கோப்பைக் கெர்னல் மூலத்துக்கே அனுப்பலாம். அனுப்பினால், பிரதிசெய்த மூலக் கோப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் பலகையில் 24 உண்மையிலேயே சரியா, அல்லது அவர்களும் வேறெங்கோ இருந்து பிரதிசெய்தார்களா என்று. ஒட்டுத் திருத்தத்தின் (பாட்ச்) விளக்கத்தில் "கொன்சோல் சரியாக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்ன தெரிந்தது, 230400இல் தெளிந்தது, பேஸ் பாட் எவ்வளவாக இருந்தது, சில்லின் கையேட்டில் கடிகாரம் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, அதனால் என்ன மாற்றினீர்கள் என்று நான்கு வரி போதும். நீங்கள் எனக்கு எழுதிய கேள்வியே பாதி விளக்கம்; மோடத்தைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு வேலை மட்டும் மறக்கக்கூடாது. இரண்டாவது சீரியல் வழியின் கணுவிலும் அதே 24000000தான் இருக்கும். அதையும் அழித்துக் கடிகாரத்தைச் சுட்டுங்கள். அழித்த அன்றே, குறுஞ்செய்தி அனுப்பும் நிரலில் மோடத்துக்கு எழுதிவைத்த 57600ஐ 115200 என்று மாற்றிவிடுங்கள். கொன்சோல் தெளிந்த மகிழ்ச்சியில் இதை விட்டுவிட்டால், பெட்டி குளக்கட்டில் ஒழுங்காக அளந்துகொண்டே இருக்கும், குளம் நிரம்பி வான் பாயும்போதும் உங்கள் தொலைபேசிக்கு ஒரு செய்தியும் வராது.